ஹைபிரிட் கிளவுட்டும் மேனேஜ்ட் சேர்விஸும்: கொழும்பு மருத்துவமனை ஒன்று எதை ஒப்படைக்கலாம், எதைத் தன்னிடம் வைத்திருக்க வேண்டும்?

கொழும்பிலுள்ள நடுத்தர அளவிலான தனியார் மருத்துவமனை ஒன்றின் தகவல் தொழில்நுட்ப முகாமையாளர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. அவருடைய பிரிவில் ஐந்து பேர் பணியாற்றுகிறார்கள். கீழ்த்தளத்து சேர்வர் அறையில் உள்ள இயந்திரங்களின் ஆயுட்காலம் முடியப்போகிறது. சேர்வர்களை இயக்கும் விஎம்வெயார் மென்பொருளின் கட்டணம், அந்நிறுவனத்தை 2023 நவம்பரில் புரோட்கொம் வாங்கி, நிரந்தர உரிமங்களை விற்பதை நிறுத்திய பின்னர், தாங்க முடியாத அளவுக்குக் கூடியிருக்கிறது. சில முறைமைகளைக் கிளவுட்டுக்குக் கொண்டுபோய், மீதியை இங்கேயே வைத்து (இக்கலப்பு அமைப்பைத்தான் ஹைபிரிட் என்கிறார்கள்), இடமாற்றத்தையும் அதன் பின்னான இயக்கத்தையும் ஒரு மேனேஜ்ட் சேர்விஸ் நிறுவனத்திடம், அதாவது பிறருடைய கணினி முறைமைகளைக் கட்டணத்துக்கு இயக்கிப் பராமரிக்கும் வழங்குநரிடம், மொத்தமாக ஒப்படைத்துவிடலாம் என்று பணிப்பாளர் சபை எண்ணுகிறது. இது சரியா, எந்த அளவுக்கு ஒப்படைக்கலாம், ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இடமாற்ற வேலையை வெளியாரிடம் கொடுப்பது நல்லது. ஐந்து பேர் அன்றாட வேலைகளையும் பார்த்துக்கொண்டு அதனைத் தனியே செய்து முடிக்க முயன்றால், அந்தச் சுமை கடைசியில் விடுதிகளிலும் ஆய்வுகூடத்திலும்தான் வந்து விழும். இருபத்துநான்கு மணிநேரக் கண்காணிப்பையும் தயங்காமல் கொடுக்கலாம். ஆனால் உங்கள் முறைமைகள் ஒன்றோடொன்று எப்படிப் பின்னியிருக்கின்றன என்ற அறிவு, கிளவுட் கணக்குகளின் உச்ச அதிகாரம், பெக்கப்பிலிருந்து உண்மையில் மீட்டுப் பார்க்கும் பொறுப்பு ஆகிய மூன்றும் மருத்துவமனையின் கையைவிட்டுப் போகக் கூடாது. கீழே நான் எழுதுவதில் பெரும்பகுதி இம்மூன்றையும் பற்றியது.

பணிப்பாளர் சபைக்கு எடுத்துக்காட்டுவதற்குப் பொருத்தமான ஒரு சம்பவம் பிரித்தானியாவின் டிஎஸ்பி வங்கியில் நடந்தது. 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் ஏறத்தாழ 52 இலட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளை அவ்வங்கி புதிய தளத்துக்கு மாற்றியது. தரவு பிழையின்றிப் போய்ச் சேர்ந்தது. ஆனால் தளம் சுமையைத் தாங்கவில்லை. 19 இலட்சம் பேர் வரை தம் கணக்குகளுக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். சேவை முழுமையாக வழமைக்குத் திரும்ப அவ்வாண்டு டிசம்பர் ஆனது. தளத்தைக் கட்டி இயக்கியது வங்கியின் தாய்க் குழுமத்தைச் சேர்ந்த தொழில்நுட்ப நிறுவனம். அதுவோ தன் பங்குக்கு 80 இற்கு மேற்பட்ட வேறு நிறுவனங்களில் தங்கியிருந்தது. இரண்டு தரவு நிலையங்கள் இருந்தும் சுமைப் பரிசோதனை ஒன்றில் மட்டுமே நடத்தப்பட்டிருந்தது என்பது பின்னர் வெளிவந்தது. 2022 டிசம்பரில் ஒழுங்குபடுத்தும் அமைப்புகள் விதித்த 48.65 மில்லியன் பவுண் தண்டப்பணம் வங்கியின் மீதே விழுந்தது. 2023 ஏப்ரலில், வெளி வழங்குநர் உண்மையில் ஆயத்தமாக இருக்கிறாரா என்பதைப் போதியளவு உறுதிசெய்யத் தவறினார் என்பதற்காக, வங்கியின் முன்னாள் தலைமைத் தகவல் அதிகாரி தனிப்பட்ட முறையில் 81,620 பவுண் தண்டம் செலுத்த நேர்ந்தது. வேலையை ஒப்படைத்தவர் பொறுப்பையும் ஒப்படைத்துவிட்டதாக எந்த ஒழுங்குபடுத்துநரும் ஏற்றுக்கொள்வதில்லை. இச்சம்பவத்தை உங்கள் சபைக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். நீண்ட விளக்கவுரையைவிட அது பயன் தரும்.

இனி எது போகும், எது தங்கும் என்ற கேள்விக்கு வருவோம். வழங்குநர்கள் பொதுவாக ஒரு மென்பொருளை உங்கள் வலையமைப்பில் நிறுவி, எந்த சேர்வர் எதனுடன் பேசுகிறது என்ற வரைபடத்தை எடுப்பார்கள். அது தேவையான வேலைதான், எனினும் அதில் பாதிதான் தெரியும். மாத இறுதியில் மட்டும் ஓடும் வைத்தியர் கட்டணக் கணிப்பு, காப்புறுதி நிறுவனத்துக்கு வாரத்தில் ஒரு முறை போகும் கோப்பு, ஆய்வுகூட இயந்திரமொன்றுடன் சீரியல் கம்பியால் இணைக்கப்பட்டு மூலையில் கிடக்கும் பழைய கணினி ஆகியவை இரண்டு வார அவதானிப்பில் அகப்படாமல் போகலாம். எனவே அவதானிப்புக் காலம் குறைந்தது ஒரு முழு மாத இறுதியையாவது உள்ளடக்க வேண்டும். அதற்கு மேலாக, உங்கள் ஐவரில் நீண்ட காலம் இருப்பவர் ஒருவரைக் கணக்குப் பிரிவு, மருந்தகம், ஆய்வுகூடம், கதிரியக்கப் பிரிவு என்று நேரில் அனுப்பி, அங்கே வேலை செய்பவர்களிடம் கேட்டு எழுத வையுங்கள். அந்த ஆவணத்தின் உரிமை உங்களுடையதாக இருக்க வேண்டும். வழங்குநர் மாறினாலும் அது மாறாது.

மருத்துவமனையைப் பொறுத்தவரை, ஆய்வுகூட இயந்திரங்களுடன் நேரடியாகப் பேசும் முறைமையும் அண்மைக்கால சி.ரி., எம்.ஆர்.ஐ. படங்களும் கொழும்பிலேயே தங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. வைத்தியர்களுக்கான முன்பதிவு, இணையத்தளம், மின்னஞ்சல், சம்பளப் பட்டியல், பழைய படங்களின் களஞ்சியம், பெக்கப்பின் இரண்டாவது பிரதி ஆகியவை தாராளமாகப் போகலாம். முன்பதிவுக்கு வரும் நெரிசல் நாளின் சில மணிநேரங்களில் குவிவதால், தேவைக்கேற்ப விரிந்து சுருங்கும் கிளவுட் அதற்கு மிகவும் ஏற்றது. சிக்கல் நடுவில் இருக்கிறது: நோயாளர் பதிவு, விடுதி, கட்டணப் பட்டியல் எல்லாவற்றையும் கொண்ட பிரதான மென்பொருளும் அதன் தரவுத்தளமும் எங்கே இருப்பது?

இங்கே தூரம் குறுக்கே வந்து நிற்கிறது. அமேசன், மைக்ரோசொஃப்ட், கூகிள் ஆகிய மூன்றுக்கும் இலங்கையில் கிளவுட் பிராந்தியம், அதாவது அவற்றின் தரவு நிலையங்கள் கூட்டாக அமைந்த இடம், இல்லை. அருகிலிருப்பவை மும்பை, ஹைதராபாத், சென்னை, சிங்கப்பூர் போன்ற இடங்கள். பைபருக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்கிறது. சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர் என்பதால், எந்தத் தாமதமும் இல்லாத கற்பனை இணைப்பிலும் போய்வர 27 மில்லி செக்கன் ஆகும். கேபிள் நேர்கோட்டில் கிடப்பதுமில்லை, இடையிலுள்ள கருவிகள் நேரம் எடுக்காமல் விடுவதுமில்லை.

மில்லி செக்கன் கணக்கெல்லாம் மருத்துவமனைக்கு எதற்கு என்று சபையில் யாரேனும் கேட்டால், வீடு திரும்பும் நோயாளரின் கட்டணப் பட்டியலைக் காட்டுங்கள். பத்து நாள் தங்கிய ஒருவருடைய பட்டியலில் மருந்து, ஊசி, பரிசோதனை, வைத்தியர் வருகை என்று 800 வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய பாணியில் எழுதப்பட்ட மென்பொருள் ஒவ்வொரு வரிக்கும் தரவுத்தளத்தைத் தனித்தனியே கேட்கும். இரண்டும் ஒரே அறையில் இருக்கும்போது ஒரு கேள்விக்கு அரை மில்லி செக்கன்; மொத்தம் அரைச் செக்கனுக்கும் குறைவு. தரவுத்தளத்தை மட்டும் கிளவுட்டுக்கு அனுப்பிவிட்டு மென்பொருளை இங்கே வைத்தால், ஒரு கேள்விக்கு 40 மில்லி செக்கன் என்று கொண்டாலும் 32 செக்கன் ஆகும். கவுண்டரில் நிற்கும் குடும்பத்தினருக்கும் காசாளருக்கும் அது நீண்ட நேரம். மென்பொருளையும் தரவுத்தளத்தையும் பிரிக்காமல் ஒன்றாக நகர்த்தினால் இச்சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். திரையில் வரும் விடை மட்டுமே கடலைத் தாண்டிவரும். ஆகவே இவ்விரண்டையும் எக்காரணம் கொண்டும் பிரிக்க வேண்டாம். பிரதான மென்பொருளை எழுதிய கம்பனி அதனைக் கிளவுட்டில் இயக்க எழுத்தில் ஆதரவு தருகிறதா என்பதையும் மேனேஜ்ட் சேர்விஸ் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவதற்கு முன்னரே கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் அதனை இப்போது நகர்த்த வேண்டாம். கொழும்பிலேயே ஒரு வணிகத் தரவு நிலையத்தில் வைப்பது கௌரவமான தீர்வு.

படங்களின் அளவையும் ஒரு முறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 40 டெராபைட் பழைய படங்களை 500 மெகாபிட் இணைப்பில் அனுப்ப, அந்த இணைப்பை வேறெவரும் தொடாவிட்டாலும் ஏழரை நாள் செல்லும். பகலில் மருத்துவமனைக்கு அந்த இணைப்பு வேண்டும் என்பதால் இரவில் எட்டு மணிநேரம் மட்டும் அனுப்பினால் மூன்று வாரத்துக்கு மேலாகும். இடமாற்றக் கால அட்டவணையில் இதற்கு ஒரு வாரம் மட்டுமே ஒதுக்கியிருக்கும் விலைமனுவைப் பார்த்தால், அந்த வழங்குநர் உங்கள் தரவை அளக்கவேயில்லை என்று முடிவு செய்யலாம்.

இணைப்புகள் இரண்டு வேண்டும் என்பதை எல்லா வழங்குநர்களும் சொல்வார்கள். இரண்டு வெவ்வேறு கம்பனிகளிடம் வாங்கினால் போதும் என்று நினைப்பதும் வழக்கம். கொழும்பில் நான் வற்புறுத்திக் கேட்கும் விடயம் வேறு: இரண்டு பைபர்களும் உங்கள் கட்டடத்துக்குள் எந்த வழியாக வருகின்றன? இரண்டும் வாசலுக்கு முன்னாலுள்ள ஒரே குழாய்ப் பாதையால் வந்தால், நீர்க்குழாய்க்காக வீதியைத் தோண்டும் இயந்திரம் ஒரே கணத்தில் இரண்டையும் அறுத்துவிடும். முன்வீதியால் ஒன்றும் பின்வீதியால் ஒன்றும் வர வேண்டும். அதுபோல, நாட்டை விட்டு வெளியேறும் பாதையும் வேறாக இருக்க வேண்டும். கல்கிசையில் கரையேறும் வங்காள விரிகுடா நுழைவாயில் கேபிளையும் மாத்தறையில் கரையேறும் சீ-மீ-வீ 5 கேபிளையும் போல் தனித்தனிப் பாதைகள் இருக்கையில், உங்கள் இரண்டு இணைப்புகளும் எவற்றால் போகின்றன என்று எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டு இணைப்பும் அறுந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவும் ஆய்வுகூடமும் மருந்தகமும் எத்தனை மணிநேரம் தனித்து இயங்கும் என்பதை வடிவமைப்பு ஆவணத்தில் மணிக் கணக்கில் எழுதச் சொல்லுங்கள். ஹைபிரிட் அமைப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு மருத்துவமனைக்கு இதைவிட வலுவான காரணம் இல்லை.

இனி ஒப்பந்தம். பெரும்பாலான ஒப்பந்தங்கள் இடமாற்றத்தைப் பற்றிப் பல பக்கங்களும் இயக்கத்தைப் பற்றிச் சில பக்கங்களும் கொண்டிருக்கின்றன. இடமாற்றம் சில மாதங்களில் முடிந்துவிடும். இயக்கம் மூன்று, ஐந்து ஆண்டுகள் நீடிக்கும். எனவே வழங்குநர்களுடன் உட்காரும்போது, ஒரு சாதாரண இரவுக் கோளாற்றை மேசையில் வைத்து, ஒவ்வொரு நிமிடமும் யார் என்ன செய்வார் என்று கேளுங்கள். அதிகாலை 2.10 மணி. தரவுத்தளத்தின் லொக் கோப்பு (நடக்கும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்பு) வளர்ந்து வட்டு 92 சதவீதம் நிரம்பிவிட்டதாக எச்சரிக்கை வருகிறது. அதை முதலில் பார்ப்பவர் யார்? அவர் மின்னஞ்சல் அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாமா, தொலைபேசியில் ஒருவரை எழுப்ப வேண்டுமா? வட்டைப் பெருப்பிக்க அவருக்கு அதிகாரம் உண்டா, அதற்கு மருத்துவமனையின் அனுமதி வேண்டுமா? அனுமதி வேண்டுமெனில் அந்நேரத்தில் கொடுப்பவர் யார்? லொக் ஏன் வளர்கிறது என்பது மென்பொருள் கம்பனிக்குத்தான் தெரியும் என்றால், அவர்களை அழைக்கும் பொறுப்பு யாருடையது. அவர்களுடைய ஒப்பந்தத்தில் இரவு அழைப்பு உண்டா? 2.40 இற்கு வட்டு நிரம்பினால் தரவுத்தளம் எழுதுவதை நிறுத்திவிடும். அவசர சிகிச்சைப் பிரிவின் தாதி புதிய நோயாளரைப் பதிய முடியாது. அவர் எந்த எண்ணை அழைப்பார்?

இந்தக் கேள்விகளுக்கு உடனடியாகவும் தெளிவாகவும் விடை சொல்லும் நிறுவனத்துக்கு, விலை சற்றுக் கூடினாலும் முன்னுரிமை கொடுங்கள். கோளாறு நேரும்போது பெரும்பாலும் கிளவுட் கம்பனி தன் பங்கைச் சரியாகச் செய்திருக்கும், மேனேஜ்ட் சேர்விஸ் நிறுவனம் தன் எச்சரிக்கையை அனுப்பியிருக்கும், மென்பொருள் கம்பனி தன் பகுதியில் பிழையில்லை என்று காட்டும்; நோயாளர் மட்டும் காத்திருப்பார். மூவருக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளிக்கு ஒருவரையே ஒப்பந்தத்தில் பொறுப்பாளியாக்க வேண்டும். முறைமை எழும்வரை மூன்று தரப்பையும் ஒரே தொலைபேசி அழைப்பில் வைத்திருப்பது வழங்குநரின் கடமை என்று எழுதினால், பாதிச் சண்டைகள் எழாமலே போய்விடும்.

சேவையின் தரத்துக்கு வழங்குநர் எண்களில் வாக்குறுதி தரும் சேவை மட்ட உடன்படிக்கையை வாசிக்கும்போது இரண்டு விடயங்களைப் பிரித்துப் பாருங்கள். மாதத்துக்கு 99.9 சதவீதம் என்றால், 30 நாளில் 43 நிமிடம் வரை முறைமை வீழ்ந்திருக்கலாம் என்பது அதன் கணக்கு. அந்த 43 நிமிடமும் காலை நெரிசலிலேயே வரலாம். இரண்டாவது, 15 நிமிடத்தில் பதிலளிப்போம் என்ற வாக்குறுதி முறைப்பாட்டை ஏற்றுக்கொண்டோம் என்பதை மட்டுமே குறிக்கும். சரிசெய்து முடிக்கும் நேரம் தனியே எழுதப்பட வேண்டும். இழப்பீடாக அடுத்த மாதக் கட்டணத்தில் ஒரு சிறு கழிவு தருவார்கள். அக்கழிவு உங்கள் இழப்பை ஒருபோதும் ஈடுசெய்யாது என்பதால், அதனைக் கூட்டுவதற்காகப் பேரம் பேசுவதைவிட, ஒரே கோளாறு மூன்று முறை வந்தால் தண்டமின்றி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் உரிமையைக் கேட்பது சிறந்தது.

பெக்கப்பைப் பற்றி நான் சற்றுக் கடுமையாகவே பேசுவேன். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட், கப்பம் கோரும் தீம்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. முறைமை விரைவாகவே மீட்கப்பட்டது. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்குப் பெக்கப் இல்லாததால், அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச மின்னஞ்சலைப் பயன்படுத்திய அலுவலகங்கள் அக்காலத்துத் தரவுகளை இழந்தன. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட இடைவெளி ஒன்று யார் கண்ணிலும் படாமல் இருக்க முடியும் என்பதை நம் நாட்டிலேயே கண்டோம். 2024 மே மாதத்தில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. அவுஸ்திரேலியாவின் யுனிசுப்பர் ஓய்வூதிய நிதியத்தின் தனிக் கிளவுட் முழுவதும், கூகிள் கிளவுட் தரப்பில் அமைப்பின்போது ஒரு மதிப்பு நிரப்பப்படாமல் விடப்பட்டதால், தானாகவே அழிந்தது. 6 இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் பல நாட்கள் தம் கணக்கைப் பார்க்க முடியவில்லை. எனினும் அந்நிதியம் வேறொரு வழங்குநரிடமும் பெக்கப் வைத்திருந்தது. அது மீட்சிக்குப் பெரிதும் துணைநின்றது.

ஆகவே ஒரு பிரதி, மேனேஜ்ட் சேர்விஸ் நிறுவனத்தின் எந்தக் கடவுச்சொல்லாலும் அழிக்க முடியாத இடத்தில் இருக்க வேண்டும். வேறு கணக்கு, முடிந்தால் வேறு கம்பனி, குறித்த காலம் வரை யாராலும் அழிக்க முடியாத பூட்டு. பெக்கப் எடுப்பதை வழங்குநர் செய்யட்டும். மீட்டுப் பார்ப்பதை உங்கள் ஆட்களே செய்ய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஓர் உண்மையான முறைமையை வெறுமையான சூழலில் மீட்டு, நோயாளரின் பதிவையும் நேற்றைய இரத்தப் பரிசோதனை முடிவையும் ஆய்வுகூட உத்தியோகத்தர் ஒருவரைக் கொண்டு திறந்து பார்த்து, எடுத்த நேரத்தைக் குறித்து, சபைக்கு அனுப்புங்கள். பெக்கப் வெற்றி என்று தினமும் வரும் பச்சை நிற அறிக்கை, கோப்பு எழுதப்பட்டது என்பதற்கு மட்டுமே சான்று.

வழங்குநருக்குக் கொடுக்கும் நுழைவதிகாரமும் இதனோடு சேர்ந்த விடயமே. பல வாடிக்கையாளர்களின் சேர்வர்களுக்குள் ஒரே கருவியால் நுழைவது இத்தொழிலின் வசதி; அதுவே அதன் பலவீனமும்கூட. 2021 ஜூலையில் கசேயா என்ற கம்பனியின் தொலைமுகாமைக் கருவியிலிருந்த ஓட்டையைப் பயன்படுத்திய, கப்பம் கோரும் ரெவில் கும்பல், அதனைப் பாவித்த மேனேஜ்ட் சேர்விஸ் நிறுவனங்களின் வழியாக 1,500 வரையான வணிகங்களைப் பாதித்தது. சுவீடனில் ஒரு பல்பொருள் அங்காடித் தொடர் நூற்றுக்கணக்கான கடைகளை மூட நேர்ந்தது. அந்தத் தொடர் கசேயாவின் நேரடி வாடிக்கையாளரும் அல்ல. எனவே வழங்குநரின் பொறியியலாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரில் கணக்கு, இரண்டாம் காரணி உறுதிப்படுத்தல், தேவைப்படும்போது மட்டும் சில மணிநேரத்துக்குத் திறக்கும் அதிகாரம், அவர்கள் செய்யும் ஒவ்வொன்றும் அவர்களால் அழிக்க முடியாத பதிவேட்டில் சேர்தல் ஆகியவற்றைக் கட்டாயமாக்குங்கள். கிளவுட் கணக்கின் உச்ச உரிமையாளர் மருத்துவமனையே. அதன் மின்னஞ்சல் முகவரி மருத்துவமனையின் பெயரில் இருக்க வேண்டும். கடவுச்சொல் உறையிலிட்டுப் பெட்டகத்தில் இருக்க வேண்டும். இதற்குத் தயங்கும் வழங்குநருடன் மேலும் பேச வேண்டியதில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கண்ணில், மருத்துவமனைதான் தரவைக் கட்டுப்படுத்துபவர். வழங்குநர் உங்கள் சார்பில் செயற்படுபவர் மட்டுமே. உடல்நலம் பற்றிய தரவு சிறப்பு வகையைச் சேர்ந்தது. வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்வதற்கு நிபந்தனைகள் உண்டு. சட்டமும் அதற்குப் பின்வந்த திருத்தங்களும் உங்கள் ஒப்பந்த வாசகங்களில் எப்படிப் பிரதிபலிக்க வேண்டும் என்பதை, விலைமனு கோருவதற்கு முன்னரே உங்கள் சட்டத்தரணியிடம் காட்டிவிடுங்கள்.

டொலரைப் பற்றி இலங்கையில் எவரும் மறக்க மாட்டார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த ஒரு டொலர், மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்கு ஏறியது. கிளவுட் கட்டணம் டொலரில் கணிக்கப்படுவது; உள்ளூர் வழங்குநர் ரூபாயில் பட்டியல் தந்தாலும், எந்த வங்கியின் எந்த நாள் விற்பனை விலையில் மாற்றப்படுகிறது என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். மேனேஜ்ட் சேர்விஸ் கட்டணத்தில் பெரும்பகுதி கொழும்பில் உள்ளவர்களின் சம்பளம் என்பதால், அதனை ரூபாயில் நிலைநிறுத்தக் கேட்பது நியாயமானது. அதே 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதையும், மின்பிறப்பாக்கிக்கு டீசல் தேடி அலைந்ததையும் நினைத்தால், சில முறைமைகளையாவது இத்தீவின் மின்சாரத்தில் தங்கியிராத இடத்தில் வைக்கும் நியாயமும் புரியும். இரண்டு அபாயங்களையும் ஒருங்கே நிறுத்துப் பார்ப்பது சபையின் வேலை.

செலவில் இன்னொரு பொறி உண்டு. சேர்வர் அறைக்கு இயந்திரம் வாங்கும்போது ஐந்தாண்டு வளர்ச்சியை எண்ணிப் பெரிதாக வாங்கியிருப்பீர்கள். அதே அளவைக் கிளவுட்டில் அப்படியே பிரதி செய்தால், பயன்படாத திறனுக்கு மாதந்தோறும் டொலர் கட்டுவீர்கள். நகர்த்திய பின் இரண்டு மூன்று மாதம் அளந்து, அளவைக் குறைத்து, அதன் பின்னரே, ஓராண்டு அல்லது மூன்றாண்டுப் பயன்பாட்டுக்கு முன்கூட்டியே உறுதியளித்தால் கிடைக்கும் கழிவுக்கு உடன்படுங்கள். வழங்குநர் கிளவுட் கட்டணத்தின் மேல் சதவீதக் கணக்கில் தன் கட்டணத்தை எடுத்தால், உங்கள் செலவைக் குறைப்பதில் அவருக்கு ஆர்வம் இருக்காது. அதனால் இயக்கக் கட்டணத்தை முறைமைகளின் எண்ணிக்கைக்கோ நிலையான தொகைக்கோ கட்டுங்கள்.

உங்கள் ஐந்து பேரைப் பற்றிக் கேள்வியில் ஒரு வரி மட்டுமே எழுதியிருந்தீர்கள். எனக்கு அது மிக முக்கியமாகப் படுகிறது. ஒப்படைப்பு என்ற சொல் அலுவலகத்தில் பரவியதும் முதலில் வேறு வேலை தேடுபவர், எல்லாம் தெரிந்தவராகத்தான் இருப்பார். 2022 இற்குப் பின்னர் கொழும்பிலிருந்து எத்தனை இளம் பொறியியலாளர்கள் வெளிநாடு போனார்கள் என்பதை இத்துறையில் இருக்கும் எல்லோரும் கண்டோம். வழங்குநரின் அலுவலகத்திலும் அதே கதைதான். ஆகவே அறிவிப்புக்கு முன்னரே ஐவருடனும் பேசி, ஒருவருக்கு அடையாளம், அதிகாரம், பாதுகாப்புப் பொறுப்பையும், ஒருவருக்கு வடிவமைப்பு, செலவு, ஒப்பந்த மேற்பார்வையையும் கொடுத்து, அதற்குரிய பயிற்சியையும் சம்பளத்தையும் சபையிடம் பெற்றுக்கொடுங்கள். மற்ற மூவரும் வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் அருகில் இருக்கட்டும். அந்த இடத்தை எந்த வெளி நிறுவனமும் நிரப்பாது. வழங்குநர் தரப்பில் உங்களுக்கென நியமிக்கப்படும் முதன்மைப் பொறியியலாளர் மாறினால் முன்னறிவித்தல், இருவரும் ஒன்றாக வேலை செய்யும் கையளிப்புக் காலம் ஆகியவற்றை ஒப்பந்தத்தில் சேருங்கள்.

பிரிந்து போவதற்கான வழியையும் சேரும் நாளிலேயே எழுத வேண்டும். கிளவுட்டை முற்றாக விட்டு வெளியேறுவோரிடம் தரவு வெளியேற்றக் கட்டணம் அறவிடுவதை மூன்று பெரும் கம்பனிகளும் 2024 இல் கைவிட்டன என்றாலும், உங்களைக் கட்டிப்போடுவது பெரும்பாலும் அக்கட்டணமல்ல. சூழலை உருவாக்கும் நிரல்கள், கண்காணிப்பு விதிகள், கோளாறு நேரும்போது பின்பற்றும் வழிகாட்டிகள் ஆகியவை வழங்குநரின் சொத்தாக இருந்தால், புதியவர் வெறுங்கையோடு தொடங்குவார். அவை மாதந்தோறும் உங்கள் களஞ்சியத்துக்கு வந்துசேர வேண்டும்; ஒப்பந்தம் முடிந்த பின் மூன்று மாதமாவது பழைய கட்டணத்திலேயே ஒத்துழைக்க வேண்டும்.

கடைசியாக, எப்போது மாற்றுவது என்று கேட்டிருந்தீர்கள். வழங்குநர்கள் ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையையோ போயாவை ஒட்டிய நீண்ட வார இறுதியையோ முன்மொழிவார்கள். வெளிநோயாளர் குறைவு என்பது உண்மைதான். அதே நாட்களில் மென்பொருள் கம்பனியின் ஆட்களும் இணைப்புக் கம்பனியின் ஆட்களும் ஊருக்குப் போயிருப்பார்கள் என்பதும் உண்மை. சாதாரண வார இறுதி ஒன்றின் சனி இரவே மேல். அத்துடன் கொழும்பில் டெங்கு பெருகும் மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். 2017 இல் நாடு முழுவதும் 186,000 இற்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவானபோது, ஒருவருக்கே ஒரு நாளில் பல தடவை இரத்தக் கணிப்பு எடுக்க வேண்டியிருந்தது. அப்படியான காலத்தில் பரிசோதனை முடிவு விடுதிக்குப் போவதில் ஒரு மணிநேரத் தாமதமும் பெரிது. வழமையாகத் தென்மேற்குப் பருவமழையை ஒட்டியும் ஆண்டிறுதியை ஒட்டியும் நோய் கூடுவதால், பெப்ரவரி, மார்ச் மாதங்களையோ, செப்டெம்பரையோ குறிவையுங்கள். அதற்கு முன் ஒரு முழு ஒத்திகை நடத்துங்கள்; அந்த ஒத்திகையில் பழைய முறைமைக்குத் திரும்பிவருதலும் அடங்க வேண்டும். ஞாயிறு காலை எத்தனை மணிக்குள் எந்தெந்தச் சோதனை தேறாவிட்டால் திரும்புவது என்ற முடிவைக் கையில் எழுத்தாக வைத்திருங்கள். அந்த முடிவை எடுப்பவர் மருத்துவப் பணிப்பாளராக இருக்கட்டும்; வழங்குநரின் திட்ட முகாமையாளரிடம் அதனை விட வேண்டாம்.